சேலத்து மேசையில் தேறி, ஏற்காட்டில் நின்றுபோன லாகர்கள்: குறைமின் சீரியல் ஃப்ளாஷ் சிப் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் 12 லாகர்கள் சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடியின் உயரத்தில் கட்டப்பட்டிருந்தன. எந்தச் சரிவில் இலைத் துரு நோய் முதலில் தலைகாட்டும், எப்போது மருந்தடிப்பது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு லாகரிலும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சென்சார், பதிவுகளைச் சேமிக்கும் 8 மெகாபிட் சீரியல் ஃப்ளாஷ் சிப், ஒரு சிஆர்2032 பட்டன் செல். ரேடியோ கிடையாது. ஆள் மலையேறிப் போய் கேபிள் செருகித்தான் தரவை இறக்க வேண்டும். அதனால் ஒரு லாகர் நின்றுபோனால், அடுத்த முறை போகும்வரை யாருக்கும் தெரியாது.

ஜூலையில் கட்டியவை இரண்டு ஆண்டு ஓடும் என்பது கணக்கு. டிசம்பரில் தரவை இறக்கியபோது மூன்று விதமான கோளாறு தெரிந்தது. சில லாகர்கள் செத்துக் கிடந்தன. ஓடிக்கொண்டிருந்த சிலவற்றில் 4 கிலோபைட் அளவுக்குத் தொடர்ச்சியாகக் குப்பை. எல்லாவற்றிலும், விதிவிலக்கின்றி, ஆங்காங்கே தேதி பின்னுக்குப் போயிருந்தது. இவை மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று முதலில் கொள்ளப்பட்டது. மூன்றுக்கும் வெவ்வேறு காரணம் என்று பிறகுதான் தெளிவானது. சிப்பில் பழுதில்லை. சிப் என்ன நிபந்தனையில் என்ன செய்யும் என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட் சொல்வதை, மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் நிரலான ஃபர்ம்வேரும் போர்டும் மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிப்பின் குணம்

இந்த லாகரில் இருந்தது 2.7 முதல் 3.6 வோல்ட் வரை வேலை செய்யும் சாதாரண வகை. 1 மெகாபைட் இடம், 256 பைட் கொண்ட பக்கங்கள் 4096, 4 கிலோபைட் செக்டர்கள் 256. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பது குறைந்தது ஒரு செக்டராக. அழித்த பைட்டில் எல்லா பிட்டும் 1. எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம். 0-வை 1 ஆக்க அழிப்பு ஒன்றே வழி. செக்டர் ஒன்று 1,00,000 அழிப்புத் தாங்கும் என்பது இவ்வகைச் சிப்புகளின் வழக்கமான உத்தரவாதம். இந்தப் பயன்பாட்டில் அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

கவனிக்க வேண்டியது மின்னோட்டம். வேலையின்றி விழித்திருக்கும் ஸ்டாண்ட்பையில் வழக்கமாக 10 மைக்ரோ ஆம்பியர் வாக்கில், உச்சமாக 50 வரை. ஆழ்ந்த தூக்கமான டீப் பவர் டவுனில் 1 மைக்ரோ ஆம்பியர். எழுதும்போதும் அழிக்கும்போதும் 20 மில்லி ஆம்பியர் அளவு. ஒரு பக்கம் எழுத 0.4 மில்லி விநாடி, உச்சம் 3 மில்லி விநாடி. ஒரு செக்டர் அழிக்க 45 மில்லி விநாடி, உச்சம் 400. எழுத்துக்கும் அழிப்புக்கும் இடையே உள்ள இந்த நூறு மடங்கு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாக விளங்கும்.

தேதி ஏன் பின்னுக்கே போனது

முதலில் இதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பதிவு 20 பைட்: முதல் 4 பைட் நேரம், கடைசியில் பதிவு கெடவில்லையா என்று சரிபார்க்கும் செக்சம். ஃபர்ம்வேர் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போயிற்று. 256-ஐ 20 வகுக்காது. 12 பதிவுகள் 240 பைட்டில் முடிகின்றன; 13-வது பதிவுக்கு அந்தப் பக்கத்தில் 16 பைட்தான் மிச்சம்.

மீதி 4 பைட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பக்க எல்லையைத் தாண்டினால் முகவரி அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பும் என்பது, பக்கத்தில் எழுதச் சொல்லும் 02 கட்டளையின் விதி. ஆக, 13-வது பதிவின் வால், அதே பக்கத்தின் முதல் பதிவில் உள்ள நேரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. ஏற்கனவே எழுதிய பைட்டின் மேல் மறுபடி எழுதினால் இரண்டிலும் 1 ஆக இருந்த பிட்கள் மட்டுமே 1 ஆக நிற்கும். 01011010 இருந்த இடத்தில் 00111100 எழுதினால் கிடைப்பது 00011000. எண் குறையும் அல்லது அப்படியே இருக்கும், ஒருபோதும் அதிகமாகாது. கெட்டுப்போன தேதிகளில் ஒன்றுகூட எதிர்காலத்தில் விழாததற்கு இதுதான் காரணம். செல் தளர்ந்து வந்த குப்பையாக இருந்தால் தேதி இரு பக்கமும் சிதறியிருக்கும்.

இன்னொரு தடயமும் இருந்தது. 64 பதிவுகள் சரியாக 5 பக்கம், அதாவது 1280 பைட். அதற்குள் நான்கு பதிவுகள் பக்க எல்லையில் வெட்டுப்படும். அவற்றின் வால்கள் வேறு நான்கு பதிவுகளின் நேரத்தைக் கெடுக்கும். 64-க்கு 8 பதிவுகள் பழுது. 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 16 மணி நேரத்துக்கு ஒரு முறை இதே ஒழுங்கு திரும்ப வரும். எல்லா லாகரிலும் இந்த ஒழுங்கு அச்சு மாறாமல் இருந்தது. சேலத்தில் சோதித்தபோது இது தெரியாமல் போனதற்குக் காரணம், தரவு இறக்கும் மென்பொருள் செக்சம் பொருந்தாத பதிவுகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. வரைபடத்தில் கோடு சீராகத்தான் தெரிந்தது. தவறான பதிவை ஒளிப்பதைவிட எண்ணிக்கையாவது காட்டும் மென்பொருளே மேல்.

திருத்தம் சிறியது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காமல், நூறால் பெருக்கிய 2 பைட் முழு எண்களாக வைத்ததும் பதிவு 16 பைட்டுக்குள் அடங்கியது. 256-ல் சரியாக 16 பதிவுகள். எல்லையே குறுக்கே வராது. நாளொன்றுக்கு 96 பதிவுகள், 1536 பைட், 6 பக்கம். 1 மெகாபைட் நிரம்ப 682 நாள் ஆகும். இந்த 682 பிறகு உதவும்.

செல் ஏன் ஐந்தே மாதத்தில் தீர்ந்தது

லாகர் தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சை நேரடியாக நம்ப முடியாது. மலிவு மீட்டர்களில் அந்த ரேஞ்சின் உள் ரெசிஸ்டரே பெரியது. லாகர் விழித்த கணம் வோல்டேஜ் சரிந்து அது ரீசெட் ஆகும். செல்லின் பாதையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, லாகர் பக்கம் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் போதும். தொடக்கத்தில் ரெசிஸ்டரை ஜம்பரால் இணைத்து, லாகர் தூங்கியதும் ஜம்பரை எடுத்து, ரெசிஸ்டரின் மேல் உள்ள மில்லி வோல்ட்டைப் படிக்க வேண்டும். 1 மில்லி வோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். கெப்பாசிட்டரின் சொந்தக் கசிவும் இதில் சேரும். லாகர் இல்லாமல் ஒரு முறை அளந்து கழித்துவிடலாம்.

எதிர்பார்த்தது 3-க்குக் கீழே. வந்தது 46. சிஆர்2032 செல் 225 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும். பயன்படக்கூடியது 180 என்று வைத்தால், 46 மைக்ரோ ஆம்பியருக்கு 3900 மணி நேரம், ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். ஜூலையிலிருந்து டிசம்பர். கணக்கு அப்படியே பொருந்தியது.

46-ல் முதல் பங்கு டீப் பவர் டவுனுக்குப் போகாத சிப்புடையது. ஃபர்ம்வேரின் வரிசை இது: 06 அனுப்பி எழுத அனுமதி, 02 அனுப்பி முகவரியும் தரவும், சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கோடான சிப் செலக்டை உயர்த்துதல், உடனே டீப் பவர் டவுனுக்கான பி9 கட்டளை, பிறகு மைக்ரோகன்ட்ரோலர் தூக்கம். பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சிப் செலக்ட் உயர்ந்த பிறகுதான் உள்ளே எழுத்து வேலை தொடங்குகிறது. அது முடிய சில நூறு மைக்ரோ விநாடி பிடிக்கும். பி9 சில பத்து மைக்ரோ விநாடிக்குள் வந்துவிட்டது. வேலையில் இருக்கும் சிப் அதை ஏற்காது, ஏற்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. எழுதி முடித்து ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த 15 நிமிடமும் அப்படியே.

சரியான வரிசையில், 02-க்குப் பிறகு 05 கட்டளையால் சிப்பின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, வேலை நடப்பதைக் காட்டும் கடைசி பிட் 0 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். இடைவிடாமல் படித்துக்கொண்டிருக்காமல், மைக்ரோகன்ட்ரோலரை 1 மில்லி விநாடி தூங்கவிட்டுப் படிப்பது சிக்கனம். 10 மில்லி விநாடி கடந்தும் பிட் இறங்காவிட்டால் பிழை என்று குறித்துவிட்டு வெளியே வர வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு தளர்ந்த சால்டர் இணைப்பு லாகரை அங்கேயே முடக்கிவிடும். அதன்பின் பி9. அந்த எட்டு பிட் முடிந்த இடத்திலேயே சிப் செலக்ட் உயர வேண்டும். ஒரு பிட் கூடினாலும் கட்டளை தள்ளப்படும். இந்தத் திருத்தத்தால் 46 என்பது 37 ஆனது.

டீப் பவர் டவுனில் இருக்கும் சிப், விடுவிக்கும் ஏபி கட்டளையைத் தவிர வேறெதையும் கேட்காது. அடையாளம் கேட்கும் 9எஃப் கட்டளைக்கும் பதில் வராது. இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது: பி9-க்குப் பிறகு 9எஃப் அனுப்பிப் பார்த்து, அடையாள எண் வந்தால் சிப் தூங்கவில்லை. இதே குணத்திலிருந்து ஒரு பொறியும் கிடைக்கிறது. ஃபர்ம்வேர் சிக்கி நின்றால் மீட்கும் வாட்ச்டாக் டைமர் மைக்ரோகன்ட்ரோலரை மட்டும் ரீசெட் செய்தால், சிப் இன்னும் தூக்கத்தில் இருக்கும். 9எஃப்-க்குப் பதில் வராமல், சிப்பே இல்லை என்று ஃபர்ம்வேர் முடிவுகட்டும். நின்றுபோன லாகர்களில் சில இப்படிச் சாகாமல் செத்தவை. செல்லில் உயிர் இருந்தது. எந்த ரீசெட்டுக்குப் பிறகும் முதல் வேலையாக ஏபி அனுப்பி, டேட்டாஷீட் சொல்லும் நேரம் காத்து, பிறகு 66, 99 என்ற ரீசெட் ஜோடி, அதன்பின் 9எஃப். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மீதி 37-ல் பெரும்பங்கு எதிலிருந்து? தூங்கப்போகும் முன் மைக்ரோகன்ட்ரோலரின் எல்லாப் பின்களையும் துண்டித்துவிட்டால் மின்சாரம் மிச்சம் என்ற எண்ணத்தில் ஃபர்ம்வேர் அப்படியே செய்திருந்தது. சிப் செலக்ட் கோடு யாரும் பிடிக்காமல் மிதந்தது. மிதக்கும் உள்ளீடு பாதி வோல்டேஜில் நின்றால், சிப்பின் உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் அரைகுறையாகத் திறந்து மின்னோட்டம் நேராகக் கீழே போகும். சிப் செலக்டிலிருந்து சப்ளைக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டதும் 9-க்கு இறங்கியது. கோடு உயர்ந்திருக்கும்போது அந்த ரெசிஸ்டர் எதையும் இழுக்காது. தாழ்ந்திருக்கும் சில மில்லி விநாடிகளில் 30 மைக்ரோ ஆம்பியர், பொருட்படுத்தத் தேவையில்லை. சிப் தேர்ந்தெடுக்கப்படாதபோது அதன் டேட்டா அவுட் கோடும் மிதக்கும். அது பாதிப்பது மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளீட்டை. அங்கே கோட்டைத் தாழ்த்திப் பிடிக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் உள் புல்-டவுனை இயக்கியதும் 3-க்குக் கீழே வந்து நின்றது.

சிப் செலக்டில் 100 கிலோ ஓமுக்குப் பதில் 1 மெகா ஓம் போட்டால் இன்னும் சிக்கனமாயிற்றே என்ற கேள்வி வரும். சேலத்தில் போடலாம். ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் இறங்கும் மாதங்களில் பெட்டிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். சால்டர் செய்தபின் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் எச்சத்தின் மேல் அந்த ஈரம் படிந்தால் பின்களுக்கு இடையே உள்ள கசிவு மெகா ஓம் அளவுக்கு வந்துவிடும். 1 மெகா ஓம் புல்-அப்பால் அதை எதிர்த்துக் கோட்டை உயர்த்திப் பிடிக்க முடியாது. 100 கிலோ ஓமே சரி. அதோடு சால்டர் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் பூச வேண்டும். செல் ஹோல்டரின் தொடும் இடத்திலும் கனெக்டரிலும் கோட்டிங் படாமல் டேப் ஒட்டிக்கொள்வது அவசியம்.

4 கிலோபைட் குப்பை

மூன்றாவது கோளாறுதான் இந்த நிகழ்வின் மையம். குப்பை எப்போதும் ஒரு முழு செக்டரின் எல்லைக்குள் இருந்தது; அதே பைட்டை இரண்டு முறை படித்தால் சில சமயம் இரண்டு விடை வந்தது. அழிப்பு பாதியில் நின்ற செக்டரின் குணம் இது. ஃப்ளாஷின் நினைவகச் செல்களில் உள்ள மின்னூட்டம், படிக்கும்போது 1-ஆ 0-வா என்று தீர்மானிக்க முடியாத இடைநிலையில் நின்றுவிடுகிறது.

ஃபர்ம்வேர் ஒவ்வொரு புது செக்டருக்குள் நுழையும் முன்பும் அதை அழித்தது. சேலத்தில் இது ஒரு முறைகூடத் தவறவில்லை. அங்கே அறையின் வெப்பம் 33, 34 டிகிரி, செல் புதிது. சிஆர்2032-இன் உள் தடை அப்போது 15 ஓம் போல இருக்கும். 20 மில்லி ஆம்பியரை 15 ஓம் வழியாக இழுத்தால் 0.3 வோல்ட் குறையும், 3.0 என்பது 2.7 ஆகும். சிப்பின் கீழ் எல்லையை உரசிக்கொண்டு தேறியது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்கு வந்தால், டிசம்பர் பின்னிரவில் 12, 13 டிகிரி. செல் பாதி தீர்ந்தது. உள் தடை 40 ஓம் என்று வைத்தால் 0.8 வோல்ட் குறைந்து 2.2-க்கு வரும்.

2.2-இல் மைக்ரோகன்ட்ரோலர் ஓடிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் அது தானாக நின்றுகொள்ளும் பிரவுன்-அவுட் எல்லை 1.8. ஃப்ளாஷ் மட்டும் தன் எல்லைக்கு வெளியே நின்று, உயர் வோல்டேஜ் உருவாக்கும் உள் பம்ப்பை ஓட்ட முடியாமல் தடுமாறும். இரண்டு சிப்புகளின் கீழ் எல்லைக்கும் நடுவே உள்ள இந்த 1.8–2.7 இடைவெளிதான் மிக ஆபத்தானது. இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால்கூடத் தரவு தப்பியிருக்கும். சுமையில்லாமல் செல்லை அளந்தால் 2.95 காட்டும். ஆகவே, செல் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அளவீடு இங்கே பயன்படாது.

கெப்பாசிட்டர் போட்டுச் சமாளிக்கலாமா? எழுத்துக்குப் போதும், அழிப்புக்குப் போதாது. எழுத்துக்கு 20 மில்லி ஆம்பியர், 0.4 மில்லி விநாடி: 8 மைக்ரோ கூலோம். 47 மைக்ரோஃபாரட் இருந்தால் செல் உதவாவிட்டாலும் 0.17 வோல்ட்தான் இறங்கும். அழிப்புக்கு 45 மில்லி விநாடி: 900 மைக்ரோ கூலோம். 0.3 வோல்ட்டுக்குள் அதை அடக்க 3000 மைக்ரோஃபாரட் வேண்டும். அந்த அளவு எலக்ட்ரோலிட்டிக்கின் கசிவே லாகரின் மொத்தத் தூக்க மின்னோட்டத்தைத் தின்றுவிடும். 47-க்கும் டான்டலம் வேண்டாம், செராமிக் போதும். ஆனால் செராமிக் 3 வோல்ட்டில் தன் கொள்ளளவில் கணிசமாக இழக்கும். 22 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் வகையில் மூன்றை இணையாகப் (பேரலல்) போடுவது பாதுகாப்பு.

அழிப்பைச் சமாளிப்பதைவிட அழிப்பையே மலையிலிருந்து அகற்றுவது நல்லது. இங்கேதான் அந்த 682 நாள் வருகிறது. வாக்களித்தது இரண்டு ஆண்டு, அதாவது 730 நாள். ஆண்டுக்கு ஒரு முறையாவது தரவை இறக்க ஆள் போகத்தான் போகிறார், அப்போதே லாகரை மாற்றிவிடலாம். சேலத்தில் பெஞ்ச் சப்ளையில் 3.3 வோல்ட் கொடுத்து மொத்தச் சிப்பையும் ஒரே கட்டளையில் அழித்து, 4096 பக்கமும் 11111111 ஆக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து அனுப்பினால், மலையில் லாகர் எழுதுவது மட்டுமே. அழிக்கும் கட்டளையே மலைக்கு அனுப்பும் ஃபர்ம்வேரில் இருக்கத் தேவையில்லை, எடுத்துவிடுவதே உத்தமம். நிரம்பினால் எழுதுவதை நிறுத்தட்டும். ரீசெட்டுக்குப் பிறகு எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்க, பக்கங்களை நடுவில் பாதியாக வெட்டிக்கொண்டே தேடினால் 12 வாசிப்பில் முதல் காலிப் பக்கம் கிடைத்துவிடும். தனியாகச் சுட்டி எண் ஒன்றை எழுதி, அதைத் திருப்பித் திருப்பி அழிக்கும் பழக்கம் வேண்டாம்.

சிப்பை மாற்றுவது பற்றி

அகல வோல்டேஜ் வகைகள் இந்த வேலைக்கே உருவானவை போல இருக்கின்றன. உதாரணமாக மேக்ரோனிக்ஸின் எம்எக்ஸ்25ஆர் வரிசை 1.65 முதல் 3.6 வோல்ட் வரை இயங்கும். டீப் பவர் டவுனில் வழக்கமாக 7 நானோ ஆம்பியர். அந்த ஆபத்தான இடைவெளி இதில் இல்லை. மைக்ரோகன்ட்ரோலர் முதலில் நின்றுவிடும். எழுத்துக்கும் அழிப்புக்கும் குறைமின் நிலையில் இழுப்பும் குறைவு, அதற்கு ஈடாக நேரம் கூடும். காத்திருக்கும் உச்ச நேரத்தைப் பழைய சிப்பின் எண்ணிலேயே விட்டுவிட்டால் நல்ல சிப்பைக் கெட்டதென்று ஃபர்ம்வேர் குறித்துவிடும். வேகமான நிலைக்கு மாற்ற கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரில் ஒரு பிட் உண்டு. இங்கே அதைத் தொடவே வேண்டாம். 15 நிமிடத்துக்கு 16 பைட் எழுதுபவனுக்கு வேகம் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. இந்த வரிசை ஏபி கட்டளைக்காகக் காத்திருப்பதில்லை. சிப் செலக்ட் 20 நானோ விநாடி தாழ்ந்தாலே விழிக்கத் தொடங்கி, 35 மைக்ரோ விநாடியில் தயாராகும். பழைய போர்டில் சிப்பை மட்டும் மாற்றிப் பொருத்தினால், மிதக்கும் சிப் செலக்ட் கோட்டில் விழும் ஏதோவொரு இரைச்சல் அதை எழுப்பிவிடும். எழுந்தது தானாகத் திரும்பத் தூங்காது. 7 நானோ ஆம்பியர் சிப் 5 மைக்ரோ ஆம்பியர் ஸ்டாண்ட்பையில் கிடக்கும். 9எஃப் அனுப்பித் தூக்கத்தைச் சோதிக்கும் முறையும் இதில் செல்லாது, சோதனையே எழுப்பிவிடும். மின்னோட்டத்தை அளந்துதான் பார்க்க வேண்டும். ஆக, 100 கிலோ ஓம் முதலில், சிப் பிறகு.

வாங்கி வந்த சிப்பின் மேலுள்ள எழுத்தை மட்டும் நம்பிப் பொருத்தக் கூடாது. 9எஃப் தரும் மூன்று பைட்டில் கடைசியானது பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் கொள்ளளவைச் சொல்லும்: பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் 14 என்றால் பதின்மத்தில் 20, அதாவது 2-இன் 20-வது படி, 1 மெகாபைட். அதன்பின் முகவரி 0-இல் ஒரு எண்ணையும், சரியாகப் பாதி முகவரியில் வேறொரு எண்ணையும் எழுதி இரண்டையும் திரும்பப் படிக்க வேண்டும். சிறிய சிப்பில் பெரிய எண்ணை அச்சடித்து விற்றிருந்தால் இரண்டு முகவரியும் ஒரே இடத்தைக் காட்டி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

சேலத்திலேயே ஏற்காட்டு டிசம்பரை உண்டாக்க ஒரு வழி: செல்லோடு தொடராக 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, லாகரை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைப்பது. பதிவு இடைவெளியை 10 விநாடியாகக் குறைத்தால் ஓர் இரவில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எழுத்து நடந்துவிடும். காலையில் தரவை இறக்கி, செக்சம் தவறிய பதிவு ஒன்றுகூட இல்லை என்றால் மட்டுமே மறுபடி முழுச் சிப் அழிப்பு, 15 நிமிட இடைவெளி, ரெசிஸ்டர் நீக்கம், புதுச் செல். பையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரிக்க வேண்டும். உடனே பிரித்தால் போர்டு முழுக்க வியர்த்துவிடும்.